எதிர்க்காற்றும் சாதாரணக் கைப்பிடியும்

கம்பம் பள்ளத்தாக்கில் சைக்கிள் மிதிப்பவர் எவ்வளவு குனிய வேண்டும் என்பதை நெடுங்காலமாக முடிவு செய்து வந்தது காற்றுதான். மேற்கே ஏலமலையும், தெற்கிலும் கிழக்கிலும் மேகமலை, வருசநாட்டு மலைகளும் சுவர்போல் நிற்க, வடகிழக்கே தேனியை நோக்கி வாய் திறந்து கிடக்கும் இந்நிலத்தில், வைகாசிக் கடைசி தொடங்கி ஆவணி முடியத் தென்மேற்குப் பருவக்காற்று மலை இடுக்குகளின் வழியே இறங்கிப் பள்ளத்தாக்கின் நீளவாக்கிலேயே வீசுகிறது. மழையின் பெரும்பகுதியை மலைக்கு அப்பால் கேரளத்தில் கொட்டிவிட்டு, ஈரம் குறைந்தும் வேகம் கூடியும் வரும் இக்காற்றை ஊரார் மேகாத்து என்பர். மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, என்பதன் பேச்சு வடிவம் அது. ஆண்டிபட்டி, கண்டமனூர், ஓடைப்பட்டிப் பகுதிகளில் காற்றாலைகள் நடப்பட்டிருப்பது இக்காற்றை நம்பித்தான். அங்கே மின்சாரமாகும் அதே விசை, தேனியிலிருந்து சின்னமனூர்ப் பக்கம் மிதித்துச் செல்பவருக்கு நெஞ்சில் விழும் பாரமாகிறது.

சின்னமனூருக்கு அருகே, முல்லைப் பெரியாற்று நீர் ஓடும் சுரபி நதிக்கரையில் உள்ள குச்சனூருக்கு இந்தக் காற்றோடு தனியான தொடர்பு உண்டு. குச்சுப்புல்லால் கூரை வேய்ந்த கோயிலால் ஊருக்கு இப்பெயர் வந்ததாகத் தலபுராணம் கூறும்; அக்கோயிலில் மஞ்சள் காப்போடு எழுந்தருளியிருக்கும் சுயம்பு சனீஸ்வரருக்குப் பெருந்திருவிழா நடப்பது ஆடி மாதச் சனிக்கிழமைகளில், அதாவது அம்மியையும் பறக்கவைக்கும் என்று பழமொழி பேசும் காற்றின் உச்சத்தில். சனிக்குத் தமிழில் மந்தன் என்றொரு பெயர் உண்டு. சனைச்சரன் என்ற வடசொல்லுக்கும் மெல்லச் செல்பவன் என்பதே பொருள். ஒரு ராசியைக் கடக்க இரண்டரை ஆண்டு எடுத்துக்கொள்ளும் அக்கடவுளின் ஊரிலிருந்து வேகத்தின் வரலாற்றைத் தொடங்குவது முரண்போலத் தோன்றலாம். ஆயினும் உப்புக்கோட்டை வழியாக வடக்கேயிருந்து இக்கோயிலுக்குச் சைக்கிளில் வருபவர் போகும்போது எதிர்க்காற்றையும் திரும்பும்போது பின்காற்றையும் பெறுகிறார் என்பதும், கம்பம், உத்தமபாளையம் பக்கமிருந்து வருபவருக்கு இக்கணக்கு தலைகீழாகிறது என்பதும், காற்றெதிர்ப்பு என்னும் பொருளை விளக்க எந்தப் பாடநூலும் தரக்கூடியதைவிட நல்ல எடுத்துக்காட்டு.

போகும்போது இழந்ததை வரும்போது மீட்டுவிடலாம் என்ற எண்ணம் பொதுவானது. கணக்கு அதற்கு இடம் தருவதில்லை. காற்றில்லாத நாளில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் 10 கி.மீ. போய் 10 கி.மீ. திரும்புவதற்குச் சரியாக ஒரு மணி நேரம் ஆகும். எதிர்க்காற்றில் வேகம் 15 கி.மீ. ஆகக் குறைந்து, பின்காற்றில் 25 கி.மீ. ஆகக் கூடினால், போக 40 நிமிடமும் வர 24 நிமிடமும் சேர்ந்து 64 நிமிடம் ஆகிறது. மெதுவாகப் போகும் பாதியில் அதிக நேரம் செலவாவதால், காற்று எடுத்துக்கொண்டதை முழுவதும் திருப்பித் தருவதில்லை.

இதற்குக் காரணமான இயற்பியல் எளியது. காற்று உடலைத் தள்ளும் விசை, காற்றுக்கும் உடலுக்கும் இடையிலான வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் மிதிப்பவருக்கு எதிரே 20 கி.மீ. வேகத்தில் காற்று வீசுமானால், அவர் நெஞ்சில் மோதும் காற்றின் வேகம் 40 கி.மீ.; தள்ளுவிசை நான்கு மடங்கு. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவர் காற்றில்லாத நாளில் அவ்வேகத்தில் காற்றை விலக்குவதற்கு மட்டும் ஏறக்குறைய 60 வாட் ஆற்றல் செலவிடுகிறார் என்றால், அத்தகைய எதிர்க்காற்றில் அதே வேகத்தைக் காப்பதற்கு ஏறக்குறைய 240 வாட் தேவைப்படும். நாள் முழுவதும் உழைக்கும் மனிதர் ஒருவர் இடைவிடாது தரக்கூடிய ஆற்றல் 75 வாட் அளவே என்பதை நினைத்தால், ஆடி மாதத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடப்பவர்களைச் சோம்பேறிகள் என்று யாரும் சொல்ல முடியாது.

இந்த விசையை முடிவு செய்யும் மற்றொரு பாதி, காற்றுக்கு முன் நிற்கும் பரப்பு. எதிரே நின்று பார்ப்பவருக்குத் தெரியும் உடலின் அளவை முகப்புப் பரப்பு என்பர். அவ்வடிவம் காற்றை எவ்வளவு வழுவ விடுகிறது என்பதைக் குறிக்கும் எண்ணோடு அதைப் பெருக்கினால் கிடைப்பது இழுவைப் பரப்பு. நிமிர்ந்து ஓட்டுபவருக்கு இது ஏறக்குறைய 0.6 சதுர மீட்டர். வளைந்த கைப்பிடியின் கீழ்ப்பகுதியைப் பிடித்துக் குனிபவருக்கு அதில் பாதி. டைம் டிரையல் எனப்படும், தனி ஆளாகக் கடிகாரத்தோடு போட்டியிடும் ஓட்டத்தின் இன்றைய வீரருக்கு 0.2 சதுர மீட்டரை ஒட்டிய அளவு. சமதரையில் வேகமாகச் செல்லும் சைக்கிளை எதிர்க்கும் விசைகளில் மிகப் பெரும் பங்கு காற்றினுடையது. அந்தப் பங்கில் நான்கில் மூன்றுக்குக் குறையாதது சைக்கிள்மீது அல்ல, ஓட்டுபவரின் உடல்மீது விழுவது. ஆகவே இவ்வரலாறு சைக்கிளின் வரலாறாகத் தோன்றினாலும் உண்மையில் முதுகெலும்பு, முழங்கை, தலை ஆகியவற்றின் வரலாறு.

பள்ளத்தாக்கின் முதுகெலும்பை நிமிர்த்தி வைத்தது வண்டியின் அமைப்பு. ராலே, ஹம்பர், ஹெர்குலிஸ் என்று இங்கிலாந்திலிருந்து வந்தவையும், பின்னர் 1949-இல் முருகப்பா குழுமம் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ், 1951-இல் தோன்றிய அட்லஸ், 1956-இல் லூதியானாவில் தோன்றிய ஹீரோ ஆகியவை இந்நாட்டில் செய்தவையும் ஒரே வார்ப்பைச் சேர்ந்தவை: 28 அங்குலச் சக்கரம், பின்சாய்ந்த சட்டம், ஏறக்குறைய 20 கிலோ எடை, உள்ளங்கையை உடலை நோக்கித் திருப்பும் அகன்ற கைப்பிடி, அதன் அடியில் ஓடும் கம்பி பிரேக். மண் சாலையின் குழிகளைத் தாங்கவும், கேரியரில் புல்லுக்கட்டையோ பால்கேன்களையோ ஏற்றிக்கொண்டு தடுமாறாமல் செல்லவும் அமைந்த வண்டி அது. பாரம் பின்னால் இருக்கும்போது ஓட்டுபவர் முன்னால் சாய்ந்தால் கைப்பிடி கட்டுக்குள் நிற்பதில்லை. நிமிர்ந்திருப்பது அந்த வேலைக்குச் சரியான இருப்பே. காற்றின் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு அந்த வண்டியைக் குறை கூறுவது, கலப்பையை ஏன் ஈட்டிபோல் செய்யவில்லை என்று கேட்பதற்கு ஒப்பாகும்.

அந்த வண்டி விந்தையான ஓர் இருப்பையும் பிறப்பித்தது. சீட்டில் உட்கார்ந்தால் பெடல் எட்டாத சிறுவர்கள், குறுக்குக் கம்பிக்குக் கீழே உள்ள முக்கோண இடைவெளியில் வலக்காலை நுழைத்து அப்புறத்துப் பெடலை மிதித்து, இடக்கையால் கைப்பிடியையும் வலக்கையால் சீட்டையோ குறுக்குக் கம்பியையோ பற்றிக்கொண்டு, உடலை வண்டிக்குப் பக்கவாட்டில் தொங்கவிட்டு ஓட்டிய முறைக்குக் குரங்குப் பெடல் என்று பெயர். மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த பெரியவர் சைக்கிளில் ஒரு தலைமுறையே இப்படித்தான் பழகியது. 2024-இல் வெளிவந்த திரைப்படம் ஒன்று அப்பெயரையே தலைப்பாகக் கொண்டது. காற்றியக்கவியலில், அதாவது காற்று பொருள்களைச் சூழ்ந்து ஓடும் முறையை ஆராயும் துறையில், இவ்விருப்புக்கு எந்த மதிப்பும் இருக்க முடியாது. ஆனால் வண்டி உடலுக்கு ஏற்ப மாறாதபோது உடல் வண்டிக்கு ஏற்ப மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

பெரியவர்களும் எதிர்க்காற்றில் தம் உடலை மாற்றிக்கொண்டனர். மேகாத்து முகத்தில் அறையத் தொடங்கியதும் தோளில் கிடந்த துண்டு தலைக்கட்டாக மாறும். பாய்போல் உப்பும் சட்டையின் பொத்தான்கள் கழுத்துவரை பூட்டப்படும் அல்லது சட்டையின் முன்பகுதி வேட்டி மடிப்புக்குள் செருகப்படும். பிறகு கைகள் கைப்பிடியின் இரு நுனிகளையும் விட்டு நடுத்தண்டுக்கு அருகே நகரும். முழங்கைகள் விலாவோடு ஒட்டும். சிலர் முன்கைகளையே கைப்பிடியின் மேல் கிடத்தி, மோவாய் மணிக்கு மேலே வரும் அளவுக்கு நெஞ்சைத் தாழ்த்துவர். யாரும் கற்றுத் தராமல், அளந்து பார்க்காமல் கண்டறிந்த இவ்விருப்பில், காற்றைக் குறைக்கும் மூன்று விதிகளும் உள்ளன: தோளைக் குறுக்குதல், முதுகைத் தாழ்த்துதல், துணி படபடப்பதை நிறுத்துதல். அதன் ஆபத்தும் அதனுள்ளேயே இருந்தது. நடுவுக்கு வந்த கைக்குப் பிரேக் எட்டாது. எதிரே மாடு குறுக்கிட்டால் கை நுனிக்குத் திரும்புவதற்குள் சில அடிகள் கடந்துவிடும். பல இலட்சம் ரூபாய் விலையுள்ள இன்றைய டைம் டிரையல் சைக்கிளிலும் முன்கைகளைக் கிடத்திய நிலையில் பிரேக் எட்டுவதில்லை என்பது இங்கே நினைக்கத் தக்கது. கைப்பிடிமேல் முன்கைகளை வெறுமனே கிடத்தும் அதே இருப்பைச் சாலைப் பந்தயங்களில் உலக சைக்கிள் சம்மேளனமான யு.சி.ஐ. 2021 ஏப்ரல் முதல் தடை செய்தது. புல்லுக்கட்டு ஏற்றியவரின் உத்தி விதிப்புத்தகத்தில் குற்றமாக ஏறியது அவ்வாறுதான்.

டைம் டிரையல் என்பது தனி ஆளாகக் கடிகாரத்தோடு போட்டியிடும் ஓட்டம். ஒரே இடத்திலிருந்து வீரர்கள் ஒரு நிமிடம் போன்ற குறித்த இடைவெளியில் ஒவ்வொருவராகப் புறப்படுவர். முன்செல்பவரின் நிழலில் ஒளிந்து காற்றைத் தவிர்க்க விதி இடம் தருவதில்லை. குறைந்த நேரத்தில் முடித்தவர் வென்றவர். கூட்டமாக ஓடும் பந்தயத்தில் காற்றைப் பிறர் தோளில் சுமத்தலாம். இங்கே அதற்கு வழியில்லாததால், உடலின் இருப்பே ஆயுதமாகிறது. இவ்வகை ஓட்டம் தோன்றியது வேகத்தின் மேலுள்ள ஆசையால் அன்று, காவல்துறைக்கு அஞ்சியே. இங்கிலாந்தின் சாலைகளில் கூட்டப் பந்தயம் தொல்லையாகக் கருதப்பட்டபோது, எஃப். டி. பிட்லேக் என்பவர் வீரர்களைத் தனித்தனியே அனுப்பி நேரம் குறிக்கும் முறையை வகுத்தார்; நார்த் ரோடு சைக்கிள் கழகத்தின் 50 மைல் ஓட்டம் 1895 அக்டோபர் 5 அன்று அவ்வாறு நடந்தது. விடியற்காலையில், எவர் கண்ணையும் உறுத்தாத கறுப்பு உடையில், வழியின் பெயரைக் கூடக் குறியீட்டால் மறைத்து அவர்கள் ஓடினர். அதே 1895 அக்டோபரில்தான் பென்னிகுயிக் கட்டிய பெரியாறு அணை திறக்கப்பட்டு, மேற்கே ஓடிய நீர் குகை வழியாகக் கிழக்கே திரும்பிக் கம்பம் பள்ளத்தாக்கை இருபோக நிலமாக்கத் தொடங்கியது. இவ்விரண்டுக்கும் தொடர்பேதும் இல்லை. ஒரே மாதத்தில் நிகழ்ந்தன என்பதற்கு மேல் எதையும் சொல்லவும் முடியாது. ஆனால் பள்ளத்தாக்கின் சாலைகளில் சைக்கிளை நிறைத்த நெல்லும் வாழையும் திராட்சையும் அந்த நீரில் விளைந்தவை.

ஐரோப்பாவில் உடலின் இருப்பு பற்றிய முதல் பெரும் வழக்கு 1933-இல் எழுந்தது. பிரான்சுவா ஃபோர் என்ற பிரெஞ்சுக்காரர், சார்லஸ் மோஷே வடிவமைத்த, படுத்தபடி மிதிக்கும் வெலோகார் என்ற வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45.055 கி.மீ. ஓடி, 1914 முதல் நின்றிருந்த ஆஸ்கர் எக்கின் 44.247 கி.மீ. சாதனையைத் தாண்டினார். முதல் வரிசை வீரராக மதிக்கப்படாத ஒருவர் முதுகைக் கிடத்தியதனாலேயே வென்றுவிட்டார் என்பது சம்மேளனத்தை உறுத்தியது; 1934-இல் சைக்கிள் என்றால் என்ன என்பதற்கே புதிய வரையறை எழுதப்பட்டுப் படுக்கை வண்டி வெளியேற்றப்பட்டது. அதன் பின் அரை நூற்றாண்டுக்கு இருப்பில் பெரிய மாற்றம் இல்லை. 1972-இல் எடி மெர்க்ஸ் மெக்சிகோ நகரத்தின் அடர்த்தி குறைந்த காற்றில் 49.431 கி.மீ. ஓடியபோதும், 1984-இல் அதே நகரில் பிரான்செஸ்கோ மோசர் தட்டுச் சக்கரங்களோடு 51.151 கி.மீ. எட்டியபோதும், அவர்களின் கைகள் தோள் அகலத்துக்கு விரிந்தே இருந்தன.

கைகளை ஒன்றுசேர்த்தது பனிச்சறுக்கு அறிந்த ஒருவரின் கண். அமெரிக்கப் பனிச்சறுக்குப் பயிற்சியாளரான பூன் லெனன், சரிவில் பாய்பவர் முழங்கைகளை முகத்துக்கு முன் குவிப்பதைப் போலச் சைக்கிளிலும் குவிக்க முடியும் என்று கண்டு, முன்கைகளைத் தாங்கும் திண்டும் முன்னோக்கி நீளும் குழாயும் கொண்ட ஏரோ பாரை வகுத்தார். டிரையத்லான் ஓட்டக்காரர்கள் முதலில் அதை ஏற்றனர். 1989 ஜூலை 23 அன்று அது உலகறிந்ததாயிற்று. அன்று டூர் டி பிரான்சின் கடைசிக் கட்டம், வெர்சாயிலிருந்து பாரீசுக்கு 24.5 கி.மீ. டைம் டிரையல். 50 வினாடி பின்தங்கியிருந்த கிரெக் லெமாண்ட் ஏரோ பாரும் நீண்ட தலைக்கவசமும் கொண்டு மணிக்கு 54.545 கி.மீ. சராசரியில் ஓடினார், முன்னணியில் இருந்த லோரான் பிக்னோன் வழக்கமான கைப்பிடியோடு, கவசமின்றி, குடுமி காற்றில் பறக்க ஓடி அந்நாளில் 58 வினாடி கூடுதலாக எடுத்துக்கொண்டார். மூவாயிரம் கி.மீ.க்கும் மேற்பட்ட பந்தயம் 8 வினாடியில் முடிவாயிற்று. குடுமியை வெட்டியிருந்தால் பிக்னோன் வென்றிருப்பார் என்ற பேச்சு நெடுநாள் நிலவியது. வேறுபாட்டின் பெரும்பகுதி குடுமியில் அன்று, முழங்கைகளுக்கு இடையிலிருந்த இடைவெளியில் இருந்தது என்று கொள்வதே பொருந்தும்.

அடுத்து வந்தவர் ஸ்காட்லாந்தின் கிரேம் ஓப்ரி. துணி துவைக்கும் இயந்திரத்தின் பேரிங்கையும் பொருத்தித் தாமே செய்த சைக்கிளில், கைகளை நெஞ்சுக்கு அடியில் மடித்து, பறவை இறகை ஒடுக்கியதைப் போலக் குனிந்து, 1993 ஜூலையில் நார்வேயின் ஹமாரில் 51.596 கி.மீ. ஓடி மோசரை வென்றார். ஆறு நாள் கழித்து இங்கிலாந்தின் கிறிஸ் போர்டுமன் 52.270 கி.மீ. ஓடி அதையும் தாண்டினார். ஓப்ரியின் இருப்பை 1994-இல் சம்மேளனம் தடை செய்தது. அவர் கைகளை நேரே முன்னால் நீட்டிய வேறோர் இருப்பைக் கண்டார். பறக்கும் கதைநாயகனை நினைவூட்டியதால் சூப்பர்மேன் என்று பெயர் பெற்ற அதை மேற்கொண்டே போர்டுமன் 1996 செப்டம்பரில் மான்செஸ்டரில் 56.375 கி.மீ. எட்டினார். அதுவும் தடையாயிற்று. இயந்திரத்தைவிட மனிதனே முதன்மை என்று கூறும் லுகானோ சாசனம் 1996 அக்டோபரில் எழுதப்பட்டது; 2000-இல் ஒரு மணி நேரச் சாதனை மெர்க்ஸ் காலத்துச் சைக்கிளுக்கும் வளைந்த கைப்பிடிக்கும் திருப்பப்பட்டது. அவ்வாண்டு அதே போர்டுமன் அதே மான்செஸ்டரில் பழைய முறையில் ஓடியபோது கிடைத்தது 49.441 கி.மீ.; மெர்க்சைவிடப் பத்து மீட்டர் மட்டுமே கூடுதல். நான்கு ஆண்டு மூப்பையும் சக்கரங்களின் வேறுபாட்டையும் கழித்துக்கொண்டாலும், ஒரே மனிதரின் இரு ஓட்டங்களுக்கு இடையே உள்ள ஏறக்குறைய 7 கி.மீ. வேறுபாடு, கைகள் இருந்த இடத்துக்கு எவ்வளவு விலை என்பதைச் சொல்கிறது. 2014-இல் விதி தளர்ந்து இக்கால டைம் டிரையல் இருப்பு ஏற்கப்பட்ட பின்னரும், 56.375 என்ற எண்ணைத் தாண்டுவதற்கு 2022-இல் பிலிப்போ கன்னா 56.792 கி.மீ. ஓடும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இக்காலத்தில் இருப்பைச் செம்மை செய்வது தையற்காரர் அளவெடுப்பதைப் போன்ற வேலை. திண்டுகளை ஒரு சென்டிமீட்டர் தாழ்த்துவது, முழங்கைகளை நெருக்குவது, சீட்டை முன்னே நகர்த்துவது, தலையைத் தோள்களுக்கு இடையே ஆமைபோல் இழுத்துக்கொள்வது என ஒவ்வொரு மாற்றமும் தனித்தனியே சோதிக்கப்படுகிறது. மிகவும் தாழ்ந்துவிட்டால் தொடை நெஞ்சை இடித்து இடுப்பு மடிவு இறுகிவிடும். காற்றில் மிச்சப்பட்ட ஆற்றலைவிட காலில் இழந்த ஆற்றல் அதிகமாகும். முன்பு தாழ்வாகக் கிடந்த கைகள் அண்மைக் காலத்தில் முகத்தை நோக்கி உயர்த்தப்படுவதும், கைக்கும் முகத்துக்கும் இடையே காற்று புகும் பள்ளத்தை மூடினால் இழுவை குறைகிறது என்று சோதனை காட்டியதனால்தான். காற்றுச் சுரங்கம் எனப்படும், விசிறியால் காற்றை ஓடவிட்டு உடலின்மேல் விழும் விசையை அளக்கும் கூடம் வசதியுள்ளோருக்கானது. மற்றவர்கள் மிதிவிசையை வாட்டில் காட்டும் பவர் மீட்டரைப் பொருத்தி, ஒரே சாலைத்துண்டில் விடியலில் போயும் வந்தும் ஓட்டி, ஒரே ஆற்றலுக்கு எந்த இருப்பில் வேகம் கூடுகிறது என்று ஒப்பிடுகின்றனர். இச்சோதனைக்குக் காற்று அசையாத நேரம் தேவை. ஆடியில் குச்சனூர்ச் சாலை அதற்கு உதவாது. ஆனால் பக்கவாட்டிலிருந்து சாய்ந்து வரும் காற்றில் ஓர் இருப்பு நிலைகுலையுமா என்பதை அறிய அதைவிடக் கண்டிப்பான இடம் கிடைப்பதும் எளிதன்று.

உயரமானவரும் குட்டையானவரும் ஒரே அளவுவிதிக்குள் அடங்க வேண்டும் என்பது நெடுங்கால முறையீடு. 2023 முதல் வீரர்களை 180 செ.மீ.க்குக் கீழ், 180 முதல் 190 வரை, அதற்கு மேல் என்று மூன்றாகப் பிரித்து, கைக்குழாய் எவ்வளவு நீளலாம் என்பது வகைக்கேற்ப வரையறுக்கப்பட்டது. தேனி, மதுரைப் பக்க மாட்டுவண்டிப் பந்தயம் இந்த அறிவை முன்பே பெற்றிருந்தது: பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு, தட்டான்சிட்டு என்று மாட்டின் பருவத்துக்கும் வலுவுக்கும் ஏற்பப் பிரிவு வகுத்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனித் தொலைவு வைத்து ஓட்டுவது அங்கே வழக்கம். 2014 மே மாதம் உச்சநீதிமன்றத் தடையால் நின்ற அப்பந்தயம், 2017-இன் சட்டத்திருத்தத்தால் மீண்டு, 2023 மே மாதம் அதே நீதிமன்றத்தால் உறுதி செய்யப்பட்டது. பள்ளத்தாக்கின் தார்ச்சாலைக்குப் பந்தயம் என்பது முதலில் மாட்டின் குளம்பொலியாகவே அறிமுகமாயிற்று. சைக்கிள் பின்னர் வந்தது.

அரசு நடத்தும் சைக்கிள் பந்தயம் தமிழக மாவட்டங்கள்தோறும், 1996-இல் மதுரையிலிருந்து பிரிந்த தேனி உட்பட, அறிஞர் அண்ணாவின் பிறந்தநாளான செப்டம்பர் 15-ஐ ஒட்டி நடப்பது. 13, 15, 17 வயதுக்கு உட்பட்டோர் என மூன்று பிரிவுகள். மாணவர்க்கு 15 அல்லது 20 கி.மீ., மாணவியர்க்கு 10 அல்லது 15 கி.மீ. அப்போட்டிக்கான அறிவிப்பில் திரும்பத் திரும்ப வரும் நிபந்தனை ஒன்று உண்டு: சைக்கிள் இந்தியாவில் செய்யப்பட்டதாக, சாதாரணக் கைப்பிடி கொண்டதாக இருக்க வேண்டும், அகலமான கிராங்க், அதாவது பெடல் சுழற்றும் பெரிய பல்சக்கரத் தொகுதி, பொருத்தியதற்கு அனுமதி இல்லை. லுகானோவில் பல பக்கங்களில் வாதிட்ட கோட்பாட்டைத் தமிழ்நாட்டு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் இரண்டு வரிகளில் முடித்துவிட்டது என்று கூறினால் மிகையாகாது. பணமுள்ள வீட்டுப் பிள்ளை வாங்கிவரும் கைப்பிடி, 2001-02 முதல் படிப்படியாக விரிந்த அரசுத் திட்டத்தில் கிடைத்த விலையில்லாச் சைக்கிளை வெல்லக் கூடாது என்பதே அதன் உட்கருத்து. அந்த விலையில்லாச் சைக்கிள்கள் பலவற்றில் முன்னால் கூடையும் உண்டு. புத்தகப் பைக்கு அது வரம், எதிர்க்காற்றில் அது பாராசூட்.

இவ்விதி நியாயமானது. ஆனால் அதன் பக்கவிளைவாக, இருப்பு என்ற ஒன்று கற்பிக்கப்படுவதில்லை. அகன்ற கைப்பிடியிலும் முழங்கையை மடக்கலாம், தோளைக் குறுக்கலாம், உப்பாத சட்டை அணியலாம். இவற்றுக்கு ஒரு ரூபாயும் செலவில்லை, எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை. தொடக்கக் கோட்டிலிருந்து எல்லோரும் ஒன்றாகப் பாயும் பந்தயத்தில் இவற்றின் பயன் கூட்டத்தின் மறைவில் கரைந்துவிடுகிறது. உடலை ஒடுக்கி ஓட்டியவருக்கும் பிறர் முதுகின் பின் ஒளிந்து வந்தவருக்கும் வேறுபாடு தெரிவதில்லை. மேகாத்து இன்னும் ஓயாத செப்டம்பரில், அதே சாலையில், அதே சாதாரணக் கைப்பிடியோடு, மாணவர்களை ஒரு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராக அனுப்பி நேரம் குறிக்கும் பிரிவு ஒன்றை மாவட்டப் போட்டியில் சேர்ப்பதற்குத் தேவைப்படுவது ஒரு ஸ்டாப்வாட்சும் பெயர் எழுத ஒரு தாளும் மட்டுமே; போட்டியை நடத்துவோர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.